"அல்ல" அடுத்த படத்தில் வந்தது

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நேற்று முழுவதும் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். "அல்ல." அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. நலம் விசாரிக்காமல் இதில் தொடங்கியதற்கு மன்னியுங்கள். நீங்களும் சித்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள், இந்த நேரத்தில் உங்கள் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவரும் சீக்கிரம் சௌக்கியமாவார் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் அப்பாவும் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

உங்கள் டிவித் திரையை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. கைவினைக் கண்காட்சியில் மரச்சீப்புகளைப் பரப்பிவைத்துவிட்டு, யாராவது "இது நீ செஞ்சதாம்மா?" என்று கேட்டால் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருப்பவள் நான். போன தடவை ஒருவர் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், பக்கத்து மேசை மெழுகுவர்த்திக்காரரிடம் "அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதா?" என்று விசாரித்ததை அம்மா உங்களிடம் சொல்லிவிட்டாள். நீங்களும் பாசத்தோடு, உங்கள் பல் கிளினிக்கில் காத்திருப்பவர்களுக்காக மாட்டியிருந்த பழைய திரையைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தீர்கள். "இனி நீ வாயே திறக்க வேணாம்மா, எல்லாம் இது பேசிக்கும். வாயத் திறக்குற வேலை என்கிட்ட வர்றவங்களுக்குத்தான்" என்று சொல்லி நீங்களே சிரித்துக்கொண்டீர்கள். நானும் சிரித்தேன்.

இந்த முறை பயம் கூடுதல், சித்தப்பா. கண்காட்சிக் கூடத்தின் வாசல் வரிசையில் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் மேசைகளில் ஒன்று காலியாகிறது. அது கிடைத்தால் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையை விட்டுவிட்டு நாள் முழுவதும் சீப்பு அறுத்துக்கொண்டிருக்கலாம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் அம்மாள் கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும், அதனால் அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி. மொத்தக் கடையில் வாங்கிவந்து கையால் செய்தது என்று விற்பவர்களை அப்போதே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார், அப்புறம் வாசலில்கூட நிற்க முடியாது. அதனால்தான் திரையில் ஓடவேண்டிய முதல் படத்துக்கு நான் யோசித்து யோசித்து இப்படி எழுதினேன்: "இங்கே உள்ள சீப்புகள் இயந்திரத்தில் அறுக்கப்பட்டு, மொத்தமாக வாங்கப்பட்டு, பெயர் மட்டும் மாற்றி விற்கப்படுபவை அல்ல." சீப்புகள் பன்மை, ஆகவே "அன்று" வராது, "அல்ல"தான் வரும் என்று இலக்கணமெல்லாம் பார்த்து, பெருமையோடு முற்றுப்புள்ளி வைத்தேன்.

உங்கள் கிளினிக்கில் அந்தத் திரை இதுவரை காட்டிய நீளமான வாக்கியம் "இரவிலும் பல் துலக்கவும்" என்பதுதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதற்கு மேல் நீண்டால் மிச்சத்தை அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுமாம். காலையில் கூட்டம் உள்ளே வருகிறது, நான் விரிப்பை நீவிக்கொண்டிருக்கிறேன், தலைக்கு மேலே என் சீப்புகளின் படம் பளபளவென்று வருகிறது, கீழே பொடி எழுத்தில் "இங்கே உள்ள சீப்புகள் இயந்திரத்தில் அறுக்கப்பட்டு, மொத்தமாக வாங்கப்பட்டு, பெயர் மட்டும் மாற்றி விற்கப்படுபவை" என்று நிற்கிறது. எல்லோரும் படித்து முடித்து நகர்ந்த பிறகு, கையில் ரம்பத்தோடு நான் நிற்கும் படம் வருகிறது, அதன் கீழே கொட்டை எழுத்தில் "அல்ல." நான் அல்லவாம்! என்னைச் சொல்வதென்றால் "அல்லேன்" என்றாவது வந்திருக்க வேண்டும். இலக்கணப்படியும் மானம் போனது.

அதோடு போகவில்லை. ஒரு வரி தள்ளியதால் மற்ற எல்லா வரிகளும் ஒவ்வொரு படம் தள்ளிப்போக, "ஒவ்வொரு பல்லும் கையாலேயே அறுக்கப்பட்டு, உப்புத்தாளால் தேய்க்கப்படுகிறது" என்று சீப்பின் பல்லைப் பற்றி நான் எழுதிய கடைசி வரி, அதற்கடுத்து நீங்கள் அழிக்க மறந்த படத்தில் போய் உட்கார்ந்தது. அது எந்தப் படம் தெரியுமா? ஆவென்று திறந்த வாய், உள்ளே சொத்தைப் பல். அது முடிந்ததும் திரையில் பதிந்திருந்த உங்கள் நர்சின் குரல், கூடம் முழுக்கக் கேட்கும்படி, "அடுத்தவர் வரலாம்."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டுடீச்சர் வந்தார். "டாக்டர் எப்ப வருவாங்கம்மா?" நான் விரிப்பை நீவினேன். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். மெழுகுவர்த்திக்காரர் எட்டிப் பார்த்து, "பாப்பா, மயக்க ஊசி உண்டா, இல்ல அப்படியே உப்புத்தாள்தானா?" என்றார். இதைவிட மோசம், என்னை யாரும் திட்டாதது. ஒரு கணவனும் மனைவியும் முதல் படத்தை நின்று நிதானமாகப் படித்தார்கள்.

"பாத்தியா, மொத்தமா வாங்குனதுன்னு அவங்களே போட்டிருக்காங்க. இந்தக் காலத்துல இப்படி யார் சொல்றா?"

"பாவம், நல்ல பொண்ணு. நேர்மையா இருக்கா. ஆனா வாங்க வேணாம், வாங்க."

நேர்மைக்குக் கிடைத்த பாராட்டை மறுத்து அவர்கள் மனத்தை நோகடிக்க எனக்கு வாய் வரவில்லை. "அல்ல" என்று ஒரு தரம் சொல்லியிருக்கலாம். திரையை அணைத்திருக்கலாமே என்பீர்கள். அதன் மின் இணைப்பு மெழுகுவர்த்திக்காரரின் மேசைக்கு அடியில், அவருடைய மெழுகு உருக்கும் சட்டியோடு ஒரே பலகையில் இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் அவரைக் கொஞ்சம் நகரச் சொல்ல வேண்டும். அதற்கும் பேச வேண்டுமே.

கடைசியில் உங்களுக்குப் போன் செய்தேன். நினைவிருக்கிறதா?

"சித்தப்பா, பாதியில உடைஞ்சு உடைஞ்சு வருது."

"எந்தப் பல்லும்மா?"

"பல்லு இல்ல சித்தப்பா, எழுத்து!"

"நல்லா வாயத் திறங்க. உன்னச் சொல்லல, நீ சொல்லு. திரைக்குப் பின்னாடி கறுப்பு பட்டன் இருக்கும், அதை அழுத்திப் பிடி. துப்புங்க. உன்ன இல்லம்மா!"

அழுத்திப் பிடித்தேன். எழுத்து நின்றது. படங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. எழுத்து நின்ற இடம், நீங்கள் ஊகித்திருப்பீர்கள். சீப்பு வந்தது: அல்ல. ரம்பம் வந்தது: அல்ல. சொத்தைப் பல் வந்தது: அல்ல. காலை முழுவதும் நான் சொல்லாமல் விட்ட சொல் கொட்டை எழுத்தில் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டிருந்தபோது பூதக்கண்ணாடி வந்து நின்றார்.

"மெஷின்ல அறுத்ததுன்னு நீயே எழுதிப் போட்டிருக்கிறதா ரெண்டு பேர் சொன்னாங்க. எழுதுனது நீதானா?"

எழுதியது நான்தான். தலையை ஆட்டினேன்.

"அப்ப இதெல்லாம் மெஷின்ல அறுத்ததுதானா?"

என் கண் தானாக மேலே போனது. அவரும் நிமிர்ந்து பார்த்தார். சொத்தைப் பல்லின் கீழே பதில் இருந்தது. மெழுகுவர்த்திக்காரர் இடையில் புகுந்து, "அதான் 'அல்ல'ன்னு சொல்லுதேம்மா" என்றார்.

"நான் இந்தப் பொண்ணைக் கேக்கறேன், டிவியக் கேக்கல" என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு சீப்பை எடுத்துக் கண்ணாடியை அதன்மேல் வைத்தார். ஒவ்வொரு பல்லாக நகர்த்திக்கொண்டே வந்தார். உங்களுக்குக்கூட அவ்வளவு பொறுமை கிடையாது. ஓரிடத்தில் நின்றார்.

"இந்தப் பல்லு மட்டும் ஏன் கோணலா இருக்கு?"

அந்தச் சீப்பு கண்காட்சிக்கு முந்தின நாள் செய்தது. இந்தப் பூதக்கண்ணாடியை நினைத்துக்கொண்டே அறுத்தது. அதற்கு ஒரு நல்ல காரணம் யோசித்தேன், மரத்தின் நரம்பு, ரம்பத்தின் கூர் என்று.

"கை நடுங்கிடுச்சுங்க" என்றேன்.

நேற்று கண்காட்சியில் நேருக்கு நேர் நான் பேசியது அவ்வளவுதான். அவர் கண்ணாடியைத் தூக்கி என்னை அதன் வழியாகவே ஒரு கணம் பார்த்தார். பெரிதாக ஒரு கண். எதையோ குறித்துக்கொண்டு, சீப்பை அதன் இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். "என்ன பாப்பா, கேட்டா இப்படியா உண்மையச் சொல்லுவே!" என்று மெழுகுவர்த்திக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மெஷினில் அறுத்தவள் என்று ஊர் சொல்கிறது, கை நடுங்குகிறவள் என்று நானே சொல்லியாயிற்று, இனி அந்த வாசல் வரிசையை நினைப்பதற்கில்லை. இரவு சாப்பிடும்போது அம்மா, "என்னடி, திரை நல்லாப் பேசிச்சா?" என்றாள். நல்லாவே பேசியது என்றேன்.

ஆகவே, சித்தப்பா, முடிவு செய்துவிட்டேன். இனி கண்காட்சி கிடையாது. அச்சகத்திலேயே உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய நீளமான வாக்கியங்களில் பிழை திருத்திக்கொண்டிருப்பேன். திரையைப் போர்வையோடு பெட்டியில் வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதைக் கிளினிக்கிலேயே மாட்டுங்கள், அங்கே அதன் சொல்லுக்கு மறுசொல் இல்லை. சித்திக்கு என் வணக்கம். உங்கள் கைக்கு வருகிற பற்கள் எல்லாம் ஒரே இழுப்பில், அழுகையில்லாமல் வரட்டும்.

என்றும் உங்கள் வார்த்தையைக் கேட்கும்,
அண்ணன் மகள்

பி.கு.: பெட்டியைத் திறந்ததும் திரையைத் தேடாதீர்கள், வெளியே எடுத்துவிட்டேன். போர்வையும் சித்திக்கு ஒரு சீப்பும்தான் இருக்கும். அதில் ஒரு பல் கோணல், அதை மாற்றித் தரச் சொல்ல வேண்டாம். பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தபோது பூதக்கண்ணாடியிடமிருந்து போனில் செய்தி வந்தது. "வாசல் வரிசை மேசை உங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது." மிச்சம் அடுத்ததில் வருமோ என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கீழே எதுவும் இல்லை.