கோஸ் நாளில் காய்ச்சிய பியர்

இந்த நவம்பரில் கோஸுக்கு உப்புப் போட மாட்டேன் என்று முடிவு செய்தேன். கல்யாணமாகிப் பதினாறு நவம்பர் ஆகிறது. பதினாறு முறையும் கோய்சானில் மாமியார் வீட்டு முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய்க்காக இருநூறு கோஸைப் பிளந்து உப்பில் புரட்டியிருக்கிறேன். என் முதுகு இப்போது கேள்விக்குறி.

காய்ச்சல் என்று படுத்தால் என் மனைவி ஹே-ரான் தெர்மாமீட்டர் கொண்டுவருவாள். ஆகவே வேறு காய்ச்சலைத் தேர்ந்தெடுத்தேன். பியர் காய்ச்சல்.

டின்னில் வரும் மால்ட் சாற்றைக் கரைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். எனக்கு அது உதவாது. முளைகட்டிய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, கொதிக்கவைத்து, முழுநாளை விழுங்கும் வழிதான் வேண்டும். ஐந்து கிலோ பார்லி வாங்கினேன். குளியல் தொட்டி அளவுக்கு ஒரு பானை வாங்கினேன். கோஸ் நாளான சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பை மூட்டினேன்.

ஏழு மணிக்கு ஹே-ரான் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, கிளம்பலையா?"

"எப்படிக் கிளம்புறது? அடுப்புல பியர். ஒரு நிமிஷம் கண்ணை எடுக்கக் கூடாது."

"அப்ப ஏன் அயோடின் புட்டியும் கையுமா அழுவுற மாதிரி நிக்கறீங்க?"

உண்மையிலேயே அழுகைதான் வந்தது. பானையிலிருந்து ஒரு சொட்டெடுத்து அயோடின் விட்டால், மாவு சர்க்கரையாகியிருந்தால் நிறம் மாறக் கூடாது. என்னுடையது மைக்கூடு மாதிரிக் கறுத்தது. சாக்குக்காகத் தொடங்கிய வேலைதான். ஆனால் மால்ட் வாசனை ஏறியதும் எனக்கு நிஜமாகவே பியர் மேல் ஆசை வந்துவிட்டது.

ஹே-ரான் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தாள்.

"இது பியர் இல்லீங்க. கஞ்சி."

"எங்க தப்புன்னு தேடிக்கிட்டிருக்கேன். பார்லி சரியா உடையலையோ, தண்ணியில சுண்ணாம்போ..."

"எவ்வளவு சூடு?"

"அறுபத்தாறு டிகிரி."

தெர்மாமீட்டரை முக்கினாள். "எண்பத்திநாலு."

"நடுவுல கொஞ்ச நேரம் செய்தி பாத்தேன்."

"கண்ணை எடுக்கக் கூடாதுன்னீங்க?"

"கண்ணு இங்கதான் இருந்துச்சு. காதுதான் அங்க போச்சு."

"கூடவே மூளையும் போயிருக்கு. சிக்கே பண்ணுறப்ப நான் எத்தனை தடவை கத்தியிருக்கேன்? சூடு ஏறினா முளையோட சக்தி செத்துடும்!"

சிக்கே எங்கள் ஊர் அரிசிப் பானம். அதே முளைகட்டிய பார்லிதான் அதிலும் சோற்றை இனிப்பாக்குகிறது. அவள் கையால் பதினாறு வருடமாகக் குடிக்கிறேன். ஒருநாளும் தோன்றவில்லை.

அவள் கோட்டைக் கழற்றினாள். பானையில் பச்சைத்தண்ணீர் விட்டு அறுபத்தைந்துக்கு இறக்கினாள். அலமாரியிலிருந்து சிக்கேவுக்கு வைத்திருந்த முளைப்பார்லி மாவை எடுத்து, கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றினாள். பானைக்கு இரண்டு கம்பளி போர்த்தினாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட ஒன்றுதான் போர்த்தினாள்.

ஒரு மணி நேரத்தில் அயோடின் கறுக்கவில்லை. கரண்டியில் எடுத்தால் தேன் மாதிரி இனிப்பு. நான் குதித்தேன். வடித்தோம், கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்தோம், ஆறவைத்தோம். பன்னிரண்டரைக்கு வாளியில் ஈஸ்ட் போட்டு மூடியாயிற்று.

"முடிஞ்சுதா? வாங்க."

"இனிமேதான் முக்கியம்! வாளி ஆடாம அசையாம..."

"ஈஸ்ட் போட்டதும் நல்லாக் குலுக்கணும், காத்து வேணும்னு உங்க புத்தகத்துல நாப்பத்திமூணாம் பக்கத்துல இருக்கே."

"நீ எப்பப் படிச்சே?"

"கக்கூஸ்ல வெச்சிருந்தீங்களே."

காரை அவள் ஓட்டினாள். வாளி என் மடியில். கோய்சான் மலைப்பாதையின் எல்லா வளைவிலும் ஈஸ்டுக்கு நல்ல காற்றுக் கிடைத்தது.

மாமியார் வாசலிலேயே வாளியை வாங்கி, பின்னறையில் பத்திரமாக வைத்தார்.

"பியர் ஆக எத்தனை நாளாகும் மாப்பிள்ளை?"

"மூணு வாரம் அத்தை."

"நல்லதாப் போச்சு! அன்னிக்குத்தான் சாஸுக்குச் சோயா அவிச்சு இடிக்கிறோம். உலக்கை பிடிக்க ஆள் தேடிக்கிட்டிருந்தேன்."

ஹே-ரானைப் பார்த்தேன். அவள் எனக்கு உப்பு மூட்டையைக் காட்டினாள்.

மூன்று வாரம் கழித்து, பியர் பிரமாதம் என்று அவளும் அவள் அம்மாவும் தெருப் பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் உலக்கையை இறக்கிவைத்துவிட்டுப் போனபோது வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.