ரதம் வரும் நேரத்தைச் சொல்லாத செயலி

பினாங்குத் தீவில் ஒரு ரொட்டி சானாயைக்கூட விசாரணை இல்லாமல் விழுங்காத ஒரே மனிதர் எங்கள் ‘ஏன்’ அண்ணன்தான். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டு மாடியில் இருந்தது எங்கள் மென்பொருள் அலுவலகம். அவர் வடிவமைப்பாளர், பக்கத்து மேசையில் நான் நிரல் எழுதினேன். செயலியில் எந்தப் பொத்தான் எங்கே இருந்தால் மக்கள் தடுமாற மாட்டார்கள் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அதை அவர் அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

கழிப்பறைக் கதவை இழுக்காமல் எல்லோரும் தள்ளுகிறார்கள் என்று ஒருநாள் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாலைவரை ஒருவரும் உள்ளே போகவில்லை. கதவில் சிக்கல் ஏதும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்.

கீழே சாப்பாட்டுக்கடையில் யாராவது சீனி குறைத்துத் தே தாரிக் கேட்டால் போச்சு. “ஏன்ணே சீனி கம்மி? ஏன் டாக்டர்கிட்ட போனீங்க? ஏன் தூக்கம் வரல?” என்று கிளறுவார். அந்த மனிதர் ஆறிப்போன தேநீரின் முன்னால் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். கடைக்காரர் எங்களுக்கு மூலையில் தனி மேசை ஒதுக்கினார். மரியாதைக்காக அல்ல.

பிறகு அலுவலகம் வடிவமைப்புப் பிரிவை மூடியது. தீவிலேயே பாயான் லெப்பாசில் ஒரு நிறுவனம் அண்ணனை நேர்காணலுக்கு அழைத்து, போர்ட்ஃபோலியோ என்கிற வேலைத் தொகுப்பில் புதிதாக ஒரு கேஸ் ஸ்டடி வேண்டும் என்றது. அந்த வேலை கிடைக்காவிட்டால் சிங்கப்பூர்தான். அண்ணியோ எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் பார்க்கும் தொழிற்சாலை வேலையை விட்டு நகரமாட்டார்.

கேஸ் ஸ்டடி என்பது வடிவமைப்பாளர் தன் திறமையைக் காட்ட எழுதும் கதை. முதலில் ஒரு பாவப்பட்ட பயனர் தவிப்பார். நடுவில் சுவர் நிறைய வண்ணச் சீட்டுகள். கடைசியில் செயலி வந்து கண்ணீரைத் துடைக்கும். அண்ணன் எடுத்துக்கொண்டது, தைப்பூச ரதம் இப்போது எந்தத் தெருவில் வருகிறது என்று காட்டும் செயலி. அவசரத்தில் திரைகளை முதலிலேயே அழகாக வரைந்துவிட்டார். தவிக்கிற ஆள்தான் பாக்கி.

ரதம் புறப்படும் நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தெருவோரம் ரதத்தின் முன் உடைக்கத் தேங்காய்க் குவியலோடு நின்ற ஓர் அக்காவைப் பிடித்தார்.

“அக்கா, ரதம் எப்ப வரும்னு தெரியாம நிக்கிறது கஷ்டமா இல்ல?”

“வரும்போது வரும்லா தம்பி.”

“ஏன் இவ்ளோ சீக்கிரம் வந்தீங்க?”

“என் தங்கச்சி புக்கிட் மெர்தாஜாம்லேருந்து வர்றா. வருஷத்துக்கு ஒரு தடவ இங்கதான் நிம்மதியா பேசுவோம். ரதம் டக்குனு வந்துட்டா கதை பாதியில நின்னுரும்!”

சொல்லிவிட்டு, அண்ணன் கையில் இனிப்புச் சிரப்புத் தண்ணீரைத் திணித்தார். அடுத்து நின்ற சீனப் பெரியவரைக் கேட்டார் அண்ணன். அவரும் தேங்காய்களைக் காட்டி, “துங்கு லா” என்றார். காத்திருக்க வேண்டியதுதானே என்று பொருள்.

தெரு முழுக்கத் தேடியும் தவிக்கிற ஆள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. எனக்குத்தான் பதற்றமாக இருந்தது.

“அண்ணே, அந்தக்கா தவிச்சாங்கன்னு ஒரு வரி எழுதிருங்க. யாரு வந்து கேக்கப்போறா?”

“அவங்க சிரிச்சாங்களே தம்பி.”

“வேல போயிரும்ணே!”

“தெரியுது. ஆனா சிரிச்சாங்களே.”

அப்படியே எழுதினார்: ‘இவர்கள் காத்திருப்பதற்காகவே வருகிறார்கள். இந்தச் செயலி தேவையில்லை.’ நேர்காணல் எடுத்தவர்கள் அதைப் படித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அன்பாகக் கேட்டார்களாம். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அண்ணன் சிங்கப்பூர் போனார். பக்கத்து மேசை காலியானது. ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது ஏன் செய்கிறாய் என்று கேட்க ஆளில்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

இந்த ஆண்டு ரதம் புறப்பட்ட காலையில் தொலைபேசி அடித்தது.

“தம்பி, ரதம் எங்க வந்திருக்கு?”

“லீவு கிடைக்கலயாண்ணே?”

“இல்லடா. எங்க வந்திருக்கு, அத சொல்லு.”

சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. “இப்ப?”

வழக்கமாக நான் தெருமுனையில் தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிற ஆள். அன்று ரதம் போய்ச் சேரும் தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் ரதத்தின் பின்னாலேயே நடந்தேன். அண்ணன் கேட்டால் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே.