ஊதுவத்தி அண்ணன் பார்த்துக் கொடுத்த கேபினெட்

திருச்சியில் கம்ப்யூட்டர் விற்கிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. வாங்க வந்தவரைத் திட்டித் திருப்பி அனுப்புவதையே தொழிலாக வைத்திருந்தவர் ஊதுவத்தி அண்ணன் ஒருத்தர்தான். அவர் கடையில் ஒரு கேபினெட் வாங்குவதற்குள் இரண்டு கல்யாணத்துக்கு வரன் பார்த்து முடித்துவிடலாம். கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளை எல்லாம் வைத்துப் பூட்டுகிற இரும்புப் பெட்டியைத்தான் கேபினெட் என்கிறார்கள். ஊருக்கெல்லாம் அது வெறும் பெட்டி. அவருக்கு அது மூக்கும் நுரையீரலும்.

பாலக்கரையில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் அவர் கடை இருந்தது. படி ஏறும்போதே மல்லிகை ஊதுவத்தி வாசனை தூக்கும். புதிதாக வருகிறவர்கள் பூஜை சாமான் கடை என்று நினைத்துக் கற்பூரம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அண்ணன் கொளுத்தியது சாமிக்கு இல்லை. கேபினெட்டில் ஃபேன்களை மாட்டி ஓடவிட்டு, முன்பக்கம் புகையைக் காட்டுவார். புகை உள்ளே போய்ப் பின்பக்கமாகவும் மேல்பக்கமாகவும் வெளியே வந்தால் அது நல்ல கேபினெட். தயங்கி நின்றால் சுமார். திரும்பி அவர் மூஞ்சிக்கே வந்தால் அந்தக் கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை நடக்கும். முன்பு திருவெறும்பூர் பக்கம் ஒரு பட்டறையில் ராட்சத ஃபேன்களைப் புகை விட்டுச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தாராம். அங்கே பிடித்த புகைப் பைத்தியம் கூடவே வந்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று கீழே செருப்புக் கடைக்காரருக்கே தெரியாது.

ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே மன்னார்புரத்திலிருந்து ஒரு வக்கீல் மகனோடு வந்தார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, ஏழு வண்ண விளக்கு எரிகிற ஒரு கேபினெட்டைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார்கள். அண்ணன் ஊதுவத்தியைக் கொளுத்தினார். புகை கண்ணாடியில் முட்டி, வக்கீலின் மூக்குக்குள் போனது. வக்கீல் தும்மி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, “பார்த்தீங்களா, நீங்க உள்ள இழுக்கிறீங்க, அது இழுக்கல. இது மீன் தொட்டிங்க. மீன் வாங்கிட்டு வாங்க, தரேன்” என்றார். அந்த மீன் தொட்டியை வாங்கிக் கடையில் வைத்திருந்ததே அவர்தான் என்பதை வக்கீல் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. மற்றவர்கள் ஏமாறாமல் இருக்கத் தானே வாங்கி அடைத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் வேலை. நான் கார்ட்டூன் படங்களுக்கு அசைவு கொடுக்கிறவள். பெங்களூரில் ஒரு கம்பெனி வேலை தந்து, வீட்டிலிருந்தே செய்யலாம் என்றும் சொன்னது. கூடவே ஒரு நிபந்தனை: ஒரு காட்சியை முழுவதும் என் வீட்டு மெஷினிலேயே ஓட்டிப் படமாக்கி, அடுத்த திங்கட்கிழமை காலைக்குள் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் பெட்டி படுக்கையோடு பெங்களூருக்கு வந்துவிட வேண்டும். என் கணவருக்குத் திருவெறும்பூரில் வேலை. மகள் ஆறாம் வகுப்பு. மாமியாரோ கொள்ளிடப் பாலத்தைத் தாண்டுவதையே வெளிநாட்டுப் பயணமாக நினைப்பவர். ஆகவே போனால் நான் மட்டும்தான் போக வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. நான் வேலை செய்யும் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. மே மாத வெயிலில் அந்த அறையில் அப்பளம் காய வைக்கலாம். என் பழைய கம்ப்யூட்டர் பகல் பன்னிரண்டு மணி அடித்தால் சூடு தாங்காமல் படுத்துவிடும். முப்பது மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டிய வேலையை அதை நம்பித் தொடங்கவே முடியாது. புது மெஷின் வேண்டும், அதற்கு லிக்விட் கூலர் வேண்டும், அதாவது மெஷினின் மூளையான பிராசஸரின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக் குழாய் வழியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றிக்கொள்ளும் ஏற்பாடு. இவற்றுக்கெல்லாம் இடம் கொடுக்கும் கேபினெட்டும் வேண்டும். வெள்ளை நிறத்தில், பக்கவாட்டில் கண்ணாடி போட்டதாக ஒன்றை நான் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன்.

அண்ணன் என் மனதைக் கேட்கவில்லை. என் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “ஜன்னல் தெரியாம கேபினெட் கேக்குறீங்களே சிஸ்டர்” என்று கடையைப் பூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் என் பின்னாலேயே ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டார்.

வந்தவர் நேரே மாடி அறைக்குப் போய், ஜன்னலுக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று என்று ஊதுவத்தி கொளுத்தி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புகையைப் பார்க்க ஆரம்பித்தார். வாசனை கீழே இறங்கியது. என் மாமியார் வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு மேலே வந்து, அவருக்குப் பின்னால் கைகூப்பி நின்றார். மெஷின் மேற்குப் பார்த்து உட்கார வேண்டும் என்று அண்ணன் சொன்னதும் மாமியாருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஜன்னல் காற்று அங்கிருந்து வருகிறது என்பதற்காக அவர் சொன்னதை, மாமியார் சாஸ்திரம் என்று எடுத்துக்கொண்டார். தட்சிணை எவ்வளவு என்று கேட்டபோதுதான் அண்ணனுக்கே விஷயம் புரிந்தது. சட்டைக்குள் இருந்த சிலுவைச் சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டி, தான் கம்ப்யூட்டர்காரன் என்று பணிவாகச் சொன்னார். மாமியார் சற்றும் அசரவில்லை. “அதனால என்ன, நன்னாத்தான் பண்றேள். பழத்தை எடுத்துக்கோங்கோ” என்றார். அன்றிலிருந்து இருவரும் ஒரு கட்சி.

அடுத்து அண்ணன் அளக்கிற டேப்பை எடுத்தார். மேஜைக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த மாடத்தில்தான் மெஷின் நிற்க முடியும். பெரிய கேபினெட் அங்கே நுழையாது. சின்னதில் மூன்று ஃபேன் நீளத்துக்கு ரேடியேட்டர் அடங்காது. நடுத்தர சைஸ்தான் என்று தீர்ப்பானது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்று நாளில் நான்கு கேபினெட்டுகள் ஆட்டோவில் வந்தன. நான் ஆசைப்பட்ட வெள்ளை முதலில் வந்தது. முன்பக்கத்தில் காற்றுக்கு விட்டிருந்த இடைவெளியில் தபால்கூடப் போடமுடியாது. புகை வாசலிலேயே நின்றுவிட்டது. இரண்டாவதில் புகை ஓடியது, ஆனால் ரேடியேட்டரை மேலே மாட்டினால் அது கீழே இருக்கும் மெமரி பட்டைகளின் தலையில் இடித்தது. ரேடியேட்டரை முன்னால் மாட்டிக்கொள்ளலாமே என்று நான் வாயைத் திறந்தேன். அந்தச் சூட்டை அப்படியே, படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு மூஞ்சியில் ஊதச் சொல்கிறேனா என்று பாவம் செய்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மூன்றாவதில் எல்லாம் அடங்கியது, கிராபிக்ஸ் கார்டு மட்டும் ஒரு விரல் நீளம் வெளியே நீட்டியது. அந்த ஒரு விரலுக்காக அவர் அரை மணி நேரம் சோகமாக இருந்தார்.

நான்காவது வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கறுப்பு. முன்பக்கம் முழுக்கச் சல்லடை. கண்ணாடி இல்லை, விளக்கு இல்லை, பார்த்தால் அரிசி மில்லிலிருந்து கழற்றி வந்தது மாதிரி இருந்தது. அண்ணன் ஊதுவத்தியை நீட்டினார். புகை ஒரு கோடாக உள்ளே பாய்ந்து, மேலே சுழன்று, மறுபக்கம் வெளியேறியது. அவர் கைதட்டினார். என் மகள் விசிலடித்தாள். எனக்கும் அந்த அவலட்சணத்தின் மேல் திடீரென்று ஆசை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அறையிலேயே உட்கார்ந்து மாட்டினார். என் மாமியார் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் அதன் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை எறிய விடமாட்டார். ஒன்று, அது அப்படியே இருக்க வேண்டும். எட்டு வருஷமான ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் இன்னும் இருக்கிறது. இல்லையென்றால், உரித்த தாள் அவர் கைக்குப் போக வேண்டும். மடித்து டப்பாவில் வைத்துக்கொள்வார். எதற்கென்று கேட்டால், இருக்கட்டும் என்பார். அண்ணனும் ஒவ்வொரு தாளாக உரித்து மரியாதையாக அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். நடுவில் சக்கரைப் பொங்கல் வந்தது. அண்ணன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

சோதனை உச்சி வெயிலில்தான் நடக்க வேண்டும் என்பது அவர் சட்டம். குளிர்ந்த வேளையில் எல்லா மெஷினும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும் என்பார். பன்னிரண்டு மணிக்கு என் காட்சியை ஓடவிட்டோம். திரையில் சூட்டின் எண் எழுபது என்றது. எண்பது ஆனது. தொண்ணூறு. தொண்ணூற்றெட்டில் மெஷின் பட்டென்று அணைந்தது.

மறுபடி போட்டோம், மறுபடி அணைந்தது. அண்ணன் ஊதுவத்தியைக் காட்டினார். புகை குற்றம் சொல்ல முடியாத அழகோடு உள்ளே போய் வெளியே வந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆனால் மேலே வந்த காற்றில் சூடே இல்லை. அவர் முகம் செத்துவிட்டது. அத்தனை வருஷமாக நம்பிய புகை அவரைக் கைவிட்டுவிட்டது. “புகை பொய் சொல்லாது சிஸ்டர். அப்ப நான்தான் எங்கயோ தப்பு பண்ணிருக்கேன்” என்றார். எனக்கு பெங்களூரில் தனியாக ஒரு லேடீஸ் ஹாஸ்டல் அறை கண்ணில் தெரிந்தது. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது மாமியார் டப்பாவைத் திறந்து, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபடி, “எல்லாம் குடுத்தேள். அந்தச் செப்புத் தகடு ஒண்ணு பளபளன்னு இருந்துதே, அதோட தாளை மட்டும் குடுக்கலையே” என்றார்.

அண்ணன் மெதுவாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மெஷினின் மூளைமேல் உட்கார்ந்து சூட்டை வாங்க வேண்டிய தகடு அது. கழற்றித் திருப்பினார். கண்ணுக்கே தெரியாத மெல்லிய தாள், சூட்டைக் கடத்துவதற்காக வைத்த பசையைப் பூசிக்கொண்டு, ஒட்டியபடி இருந்தது. சூட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே முப்பது நிமிஷமாகச் சுவர் போட்டது அதுதான். சக்கரைப் பொங்கல் வந்த நேரத்தில் உரிக்க மறந்திருக்கிறார். காது வரை சிவந்துபோய், தாளை உரித்துத் துடைத்து, இரண்டு கையாலும் மாமியாரிடம் கொடுத்தார். மாமியார் மடித்து டப்பாவில் போட்டுக்கொண்டார்.

புதுப் பசை வைத்து மாட்டினார். எண் அறுபத்தெட்டில் ஏறி நின்றது. நின்றது என்றால், நின்றே விட்டது. கேபினெட்டின் மேலே கை வைத்தால் இட்லிப் பானை ஆவி போலச் சூடு வந்தது. அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்க்க நாங்கள் நான்கு பேரும் முண்டியடித்தோம். அண்ணன் என் மகளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்துவிட்டார். அந்த நாளின் உச்சி வெயிலையும் மெஷின் தாண்ட வேண்டும் அல்லவா. பன்னிரண்டு முதல் மூன்று வரை அதன் எதிரே உட்கார்ந்து, ஒன்று அணைய அணைய இன்னொன்றாக, ஒரு கட்டு ஊதுவத்தியைத் தீர்த்தார். எண் அசையவில்லை. அன்று பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகு காட்சி முடிந்தது, அனுப்பினேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நான் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கலாம் என்று பதில் வந்தது. முதலில் அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, “சரி சிஸ்டர், புகை எப்படிப் போகுது?” என்றார்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கறுப்புச் சல்லடை இன்னும் மாடத்தில்தான் நிற்கிறது. அண்ணன் கடையை மூடிவிட்டு ஓசூரில் ஏதோ தொழிற்சாலைக்குப் பெரிய ஃபேன்களைப் பார்க்கப் போய்விட்டார். மாதம் ஒரு முறை கூப்பிடுவார். மெஷினை விசாரிப்பார், மாமியாரை விசாரிப்பார், என்னை விசாரித்ததில்லை. மெஷினுக்குள்ளேயே சூடு பார்க்கிற கருவி இருக்கிறது, எனக்குப் புகை வேண்டியதில்லை. இருந்தும் மே மாதம் பிறந்துவிட்டால் தினமும் மத்தியானம் ஒரு மல்லிகை ஊதுவத்தியைக் கொளுத்தி அதன் முன்னால் காட்டுகிறேன். புகை உள்ளே போய் மறுபக்கம் வெளியே வருகிறது. கீழே லீவில் இருக்கும் மகள் பள்ளிக்கூடக் கதையை மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு இங்கிருந்தே கேட்கிறது.