ஹேமலதா ப்ளஸ் மாரி

ஹேமலதா குளிக்கப் போய்க் கதவைச் சாத்திய அடுத்த நிமிஷம், டி.வி. மேல் கிடந்த அவளுடைய நோக்கியா இரண்டு முறை கத்தியது.

ஹரிகிருஷ்ணன் அடுத்தவர் போனைத் தொடாதவன். பெண்டாட்டி அடுத்தவள் இல்லை என்பதால் எடுத்துப் பார்த்தான்.

இங்கிலீஷ் எழுத்தில் குட்டி மெசேஜ். 'ஹேமலதா ப்ளஸ் மாரி. சண்டே காலை ஆறரை. பிள்ளைச்சாவடி பீச். ரெண்டு போர்டு ரெடி. சூசான்.'

எம், ஏ, ஆர், ஐ. மாரி.

மூன்று தரம் படித்தான். மூன்று தரமும் மாரிதான்.

கல்யாணமாகி எட்டு வருஷம். ஆறு மாசமாகத்தான் ஹேமலதா பீச் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் பார்க்கிறாள். வேலைக்கு வேண்டும் என்று சாயந்திரம் பிரெஞ்சு கிளாஸும் போகிறாள். வில்லியனூர் பக்கம் கரும்புக் கொல்லையில் வளர்ந்த ஹரிகிருஷ்ணனுக்கு பிரெஞ்சு என்றால் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்குகிறவர்கள் பேசுகிற பாஷை, அவ்வளவுதான். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் மேல் பொறாமைப்பட்டான். வாட்ச்மேனுக்கு எழுபத்திரண்டு வயசு என்று தெரிந்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு வாரம் பட்டான்.

தலையில் துண்டோடு வந்தாள் ஹேமலதா. போனைப் பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் கல்யாண ஆல்பத்தில்தான் கடைசியாகப் பார்த்தது.

"யாரு?"

"கம்பெனி மெசேஜ்தாங்க. ரிங்டோன் வேணுமான்னு கேக்கறான்."

பொய்! பல்லுக்குப் பின்னாலிருந்து வந்த பச்சைப் பொய்!

"ஞாயித்துக்கிழமை நீங்க வீட்லதானே இருப்பீங்க?" என்றாள் போகிறபோக்கில்.

'எப்போ ஒழிவே?' என்பதை இதைவிட நாசூக்காகக் கேட்க முடியுமா?

"இல்ல. ஆபீஸ் வேலையா விழுப்புரம் போறேன். சனிக்கிழமை சாயந்திரமே கெளம்பிடுவேன்."

அவள் முகம் தொங்கிப்போனது. "கட்டாயம் போகணுமாங்க?"

"கட்டாயம்."

என்னா நடிப்பு, என்னா நடிப்பு என்று பல்லைக் கடித்தான்.

அவள் சமையலறைக்குள் போனதும் கைப்பையைத் துழாவினான். ஒரு நோட்டீஸ் கிடைத்தது. 'நின்றுகொண்டே கடலில் துடுப்பு போடலாம்! கடற்கரை அழகைக் கண்டபடி இரண்டு மணி நேரம். வழிகாட்டி: ரஃபாயேல்.' படத்தில் ஒரு நீளப் பலகை. அதன்மேல் சட்டை போடாத ஒரு வாலிபன், கையில் துடுப்போடு, தூக்கக்கலக்கமே இல்லாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தான். வயிற்றில் தோசைக்கல்லை அடுக்கினமாதிரி கட்டுக்கட்டாய்ச் சதை.

ஹரிகிருஷ்ணன் தன் வயிற்றைப் பார்த்தான். அங்கே இருந்தது தோசை மாவு.

மறுநாள் ஆபீஸில் முதல் வேலையாக ரெக்கார்டு ரூமுக்குப் போனான். அங்கே இருப்பவர் பெயர் மாரிமுத்து. ரிட்டயராக இரண்டு வருஷம். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது ஹேமலதா அவர் இலையில் கேட்காமலே இரண்டாவது வடை வைத்தாள்.

"மாரி, ஞாயித்துக்கிழமை காலைல இன்னா ப்ரோகிராம்?"

"இன்னா ப்ரோகிராம் சார்? வெந்நீர் டப்புல உக்காரணும். மூலம்."

"கடல்ல, பலகை மேல, ரெண்டு மணி நேரம் நிப்பீங்களா?"

மாரிமுத்து கொஞ்சம் யோசித்தார். "நிக்கறதுல ஒண்ணும் இல்ல சார். உக்காரத்தான் முடியாது."

ஹரிகிருஷ்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு ரூமை ஒட்டடை அடிக்கச் சொல்லி அப்போதே ஒரு மெமோ போட்டான்.

ஆனால் ஒரு மாரியைப் பூட்டி என்ன பிரயோஜனம்? பால்காரர் மாரியப்பன் இருக்கிறார். பஞ்சர் கடையில் மாரிசாமி இருக்கிறான். மூலக்குளம் ஸ்டாப்பில் நின்று "மாரி" என்று ஒரு குரல் கொடுத்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். ஆளைத் தேடுவதைவிட சீட்டைக் கிழிப்பது சுலபம்.

பெட்டிக்கடை காயின் போனில் நோட்டீஸிலிருந்த நம்பரைப் போட்டான்.

"அலோ, போன்ழூர்! சூசான்."

"ஞாயித்துக்கிழமைக்கு ஹேமலதான்னு புக் பண்ணிருக்காங்களே..."

"வுயி, ஹேமலதா ப்ளஸ் மரி."

கான்வென்ட்டில் படித்த வாயில் மாரிகூட மரியாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டான். "அந்த மாரி வரமாட்டான்."

"ஏன் முசியே? மதாமுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடறேன்."

"வேணாம், வேணாம்! மாரி... மாரி போயிட்டான்மா."

"எங்க?"

உளறிக்கொட்டாமல் தப்பிக்க ஒரே ஊர்தான் தோன்றியது. "மேல."

அந்தப் பக்கம் ஒரு கேவல். "மோன் தியே! எப்போ?"

"நேத்து. நெஞ்சு வலி. நின்னுக்கிட்டிருந்தவன் அப்படியே சாஞ்சிட்டான்." மாரியைக் கொல்வது மனசுக்கு இவ்வளவு இதமாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு ரூபாய் போட்டு இன்னும் கொஞ்சம் கொன்றான். "லேசுல போகல. துடிச்சுத்தான் போனான்."

"அய்யோ பாவம் மதாம்! அப்ப அவங்களும் வரமாட்டாங்களா?"

"வருவாங்க. கடலப் பாத்தா மனசு ஆறும்னு டாக்டர் சொல்லிருக்காரு. ஆனா அதப்பத்தி அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிடாதீங்க. இடிஞ்சு போயிடுவாங்க."

"ஜாமே! பேசவே மாட்டோம். நீங்க யாரு முசியே?"

"தூரத்துச் சொந்தம். பக்கிரி. மாரியோட போர்டு சும்மாத்தானே கெடக்கும்? துணைக்கு நான் வரேன்."

போனை வைத்தபோது அவனுக்கே தன் மூளைமேல் பொறாமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாரி வந்து நிற்பான். செத்தவன் வந்துவிட்டான் என்று சூசான் அலறுவாள். அந்த அலறலில் கையும் களவுமாக...

சனிக்கிழமை சாயந்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் போட்டான். செல்போனை ஆஃப் பண்ணினான். கடமைக்காக மீசையை எடுத்தான்.

ஞாயிறு காலை ஆறரை. பிள்ளைச்சாவடி கடல் தூங்கி எழுந்த குழந்தைமாதிரி சாதுவாகக் கிடந்தது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகமெல்லாம் வெயிலுக்குத் தடவுகிற வெள்ளைக் கிரீம், அதற்குமேல் ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட். பெற்ற தாய் வந்தாலும் அவனை அடையாளம் தெரியாது. பாதுகாப்புக்காகக் கட்டுமரத்தில் கூடவே வருகிற நாராயணசாமி என்கிற மீனவர் மட்டும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், கொலு பொம்ம மாரி வந்துருக்கீங்க?"

"மாரியா? எங்க?" என்று துள்ளித் திரும்பினான் ஹரிகிருஷ்ணன்.

"உங்களத்தான் சார் சொன்னேன், பொம்ம மாதிரின்னு." அவர் பலகைகளைக் காட்டினார். "நாங்க பொறந்ததுலேர்ந்து கட்டுமரத்துல நின்னுக்கிட்டேதான் போறோம். ஒருத்தன் போட்டோ புடிச்சதில்ல."

ஆட்டோவிலிருந்து ஹேமலதா இறங்கினாள். புது சுடிதார். கண் மட்டும் ரோட்டுப் பக்கமே இருந்தது. போனை எடுத்து யாருக்கோ போட்டாள். எடுக்கவில்லை போலிருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி போட்டாள்.

'மாரிக்குப் போடறா. போடு, போடு, நல்லா போடு' என்று கறுவினான் ஹரிகிருஷ்ணன்.

அடுத்து நடந்ததை அவன் எதிர்பார்க்கவில்லை.

சூசான் ஓடிவந்து ஹேமலதாவைக் கட்டிக்கொண்டாள். இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று. ரஃபாயேல் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நின்றான். பிறகு ஹேமலதாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தான். விடவில்லை. ஹரிகிருஷ்ணன் எண்ணினான். பதினோரு செகண்டு!

அதோடு போனதா? மணலில் மண்டி போட்டு, பலகையின் கயிற்றை அவள் கணுக்காலில் தானே கட்டிவிட்டான்.

"எல்லாருக்கும் அவருதான் கட்டுவாரா?" என்று சூசானிடம் சீறினான்.

"இல்ல முசியே பக்கிரி. அவங்கவங்க கட்டிக்கணும். மதாமுக்கு மட்டும்தான். நீங்கதானே சொன்னீங்க, இடிஞ்சு போயிருக்காங்கன்னு?"

தான் போட்ட பந்து தன் மூக்கிலேயே வந்து விழுந்தது.

கிளம்பினார்கள். வலதுபக்கம் தென்னந்தோப்பு, மணலில் காயும் வலை, வரிசையாகச் சாய்ந்த படகுகள் எல்லாம் மெதுவாக நகர்ந்தன. இடதுபக்கம் சூரியன் தண்ணீரில் ரோடு போட்டிருந்தது. ஹரிகிருஷ்ணன் இதில் எதையும் பார்க்கவில்லை. அவன் பார்த்ததெல்லாம் ரஃபாயேல் பலகையையும் ஹேமலதா பலகையையும் சேர்த்துக் கட்டியிருந்த நீலக் கயிறு.

அவனுக்கு நீச்சல் தெரியாது. நின்றான், விழுந்தான். நாராயணசாமி தூக்கிவிட்டார். முழங்கால் போட்டான், விழுந்தான். கடைசியில் பலகைமேல் பல்லிமாதிரி ஒட்டிப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டே இருவருக்கும் பின்னால் போய்ச் சேர்ந்தான்.

காற்று பேச்சைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"ரெண்டு பேரா வரணும்னு எவ்ளோ ஆசையா இருந்தேன் தெரியுமா?" என்றாள் ஹேமலதா. "திடுதிப்புனு போயிட்டாரு."

ரஃபாயேல் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடினான். தான் விட்ட புளுகு அவள் காதுவரைக்கும் போய்விட்டது என்று நினைத்தான் ஹரிகிருஷ்ணன்.

"எட்டு வருஷம். நம்ம ஊரு கடலக்கூடச் சேந்து பாத்ததில்ல."

எட்டு வருஷமா! அப்படியென்றால் தாலி கட்டின அன்றைக்கே மாரி முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான்! பாயசம் வேறு கேட்டு வாங்கிக் குடித்திருப்பான்!

"கோவக்காரருதான்," என்றாள் ஹேமலதா. "எதுக்கெடுத்தாலும் சந்தேகம் வேற. ஆனா அவர விட்டா எனக்கு யாரு?"

சந்தேகமா? திருட்டுப் பயலுக்குச் சந்தேகம் வேறயா? இங்கே சொந்தப் புருஷன் உப்புத்தண்ணீர் குடித்துக்கொண்டு கிடக்கிறான், அவரை விட்டால் யாரு என்று கேட்கிறாள்! 'அவர விட்டா எனக்கு யாரு' என்று ஒரு தடவை, ஒரே தடவை அவனைப் பற்றி அவள் யாரிடமாவது சொல்லியிருப்பாளா? கண்ணாடிக்குள் கண் எரிந்தது. அது உப்புத்தண்ணீர் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

படகுகள் நிற்கிற இடம் வந்ததும் ரஃபாயேல் துடுப்பை உயர்த்தினான். எல்லாரும் நின்றார்கள். சூசான் தன் பலகையிலிருந்த பையைத் திறந்தாள். பெரிய மார்க்கெட்டில் விடிகாலையில் வாங்கின சம்பங்கிப் பூ.

"போடுங்க மதாம்," என்றாள் தழுதழுத்து.

"ஐ, எவ்ளோ அழகா இருக்கு! எல்லா ட்ரிப்லயும் இப்படித்தானா?"

"இன்னைக்கு... ஸ்பெஷல் மதாம்."

ஹேமலதா பூவை நீரில் தூவிக் கும்பிட்டாள். நாராயணசாமி தலைப்பாகையை அவிழ்த்தார். ஒரு நிமிஷம், கடல்கூடப் பேசவில்லை. ரஃபாயேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக அவள் தோளில் கை வைத்தான்.

ஹரிகிருஷ்ணன் எழுந்து நின்றான். ரோஷத்தில், எதையும் பிடிக்காமல், வாழ்க்கையில் முதல்முறையாகக் கடல்மேல் நின்றான்.

"எட்றா கைய! செத்தவனுக்குப் பூவா போடற பூவு? அவனக் கொன்னதே நான்தான்டீ!"

தொப்பி ஒருபக்கம், கண்ணாடி ஒருபக்கம், அவன் ஒருபக்கம் பறந்தார்கள்.

ஜாக்கெட்டின் காலரைப் பிடித்து நாராயணசாமி அவனைக் கட்டுமரத்தில் இழுத்துப் போட்டுக் கரை சேர்த்தார். கிரீமெல்லாம் கழுவி, நிஜ முகம் வெளியே வந்திருந்தது. பின்னாலேயே மூச்சிரைக்க ஹேமலதா ஓடிவந்தாள்.

"ஐயோ, என்னங்க! நீங்களா? விழுப்புரம் போகலியா? மீசை எங்கங்க?"

"தள்ளிப் போங்க மதாம்!" ரஃபாயேல் துடுப்பை ஓங்கிக்கொண்டு நடுவில் பாய்ந்தான். "இவர் கொலைகாரர்! வாயாலயே ஒத்துக்கிட்டார்! சூசான், போலீஸ்!"

"கொலைகாரரா? இவரு என் வீட்டுக்காரருங்க!"

சூசான் கையிலிருந்த காபி பிளாஸ்க் மணலில் விழுந்தது. நெற்றியிலும் நெஞ்சிலும் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டு ரஃபாயேலுக்குப் பின்னால் ஒளிந்தாள். "உயிரோட... உயிரோட இருக்காரே!"

"நான் ஏன்மா சாவணும்?" ஹரிகிருஷ்ணன் இருமலுக்கு நடுவே கத்தினான். "செத்தவன் யாருன்னு அவளக் கேளுங்க! ஹேமலதா ப்ளஸ் மாரின்னு நீங்க அனுப்பின மெசேஜ நான் பாத்துட்டேன். எட்டு வருஷமாம்! அவன விட்டா யாருமே இல்லையாம்! யாருடி அந்த மாரி?"

ஹேமலதா வாயில் கை வைத்தாள். சூசான் ஹேமலதாவைப் பார்த்தாள். ரஃபாயேல் துடுப்பை மெல்ல இறக்கினான்.

நாராயணசாமி ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே நிதானமாகச் சொன்னார்.

"பிரெஞ்சுல மரின்னா புருஷன் சார். அதோ, கடல்ல மெதக்குதே, அந்தப் பூவெல்லாம் உங்களுக்குத்தான்."