இருபது குழாய் ரத்தமும் ஒரு எந்திரக் கையும்

இருபது கோழியின் ரத்தத்தை நாமக்கல் லேபில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் என் கோழிப் பண்ணைக்குத் தடுப்பூசி போட ஆட்கள் வருகிறார்கள். கோழிக்கு எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று லேபில் சாயங்காலத்துக்குள் சொன்னால்தான், ஊசி போடலாமா வேண்டாமா என்று தெரியும்.

வழக்கமாகக் குழாயில் பாதிதான் ரத்தம் எடுப்போம். சாய்த்து வைத்தால் ரத்தம் உறைந்து கட்டி கீழே தங்கும், தெளிந்த தண்ணி மேலே வரும். அந்தத் தண்ணியைத்தான் பரிசோதிப்பார்கள். இருபது வருசமாக எனக்குத் தெரிந்த வேலை.

ஆனால் போன தடவை லேப் பொண்ணு நாலு பேர் முன்னால், "ரத்தம் பத்தாதுங்க" என்று சொல்லிவிட்டது. எனக்கு அது ஆறவே இல்லை. இந்தத் தடவை ஒவ்வொரு குழாயையும் வாய் வரைக்கும் ரொப்பினேன். இப்போது சொல்லட்டும் பார்க்கலாம்.

போனால், புது மிஷின் வந்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கை. பிளாஸ்டிக் மூக்கைக் குழாய்க்குள் விட்டு, தண்ணியை உறிஞ்சி, பக்கத்துத் தட்டில் குழி குழியாகச் சொட்டு விடுகிறது.

பொண்ணு என் குழாயைத் தூக்கிப் பார்த்தது.

"என்னங்க இது, கழுத்து வரைக்கும் கட்டியா நிக்குது? தண்ணி பிரிய எடமே இல்லீங்களே."

"போன தடவ பத்தாதுன்னியே அம்மிணி."

"அதுக்குனு இப்படிங்களா? கட்டி இருந்தா மிஷினுக்கு ஆகாதுங்க. மறுபடி எடுத்துட்டு வாங்க."

"மேல கொஞ்சம் தண்ணி மினுங்குது பாரு. வெச்சுத்தான் பாரேன். இத்தாப்பெரிய மிஷினு, கோழி ரத்தத்துக்கா பயந்துக்கும்?"

நான் நகர்கிற மாதிரி பொண்ணுக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு குழாயை மட்டும் உள்ளே வைத்தது. அங்கே ஏற்கெனவே யாரோ ஒருத்தருடைய குழாய்கள் மூடி திறந்து வரிசையாக நின்றன.

கை வந்தது. மூக்கை விட்டது. கட்டியில் மாட்டிக்கொண்டது. போர்வெல் போடும் வண்டி பைப்பைத் தூக்குகிற மாதிரி குழாயோடு சேர்த்துத் தூக்கியது. அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்து வரிசைக்கு மேலே போய், நட்ட நடுவில் போட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. பொண்ணு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அவரு குழாயெல்லாம் உங்க ரத்தம் தெறிச்சுக் கெட்டுப்போச்சுங்க. அவருக்கும் நாளைக்குத்தான் ஊசி. மத்தியானத்துக்குள்ள ரெண்டு பேருமே புதுசாக் கொண்டாந்தாத்தான் இன்னிக்கு ரிசல்ட்டு. நீங்களே சொல்லிப்போடறீங்களா?"

"யாருடது?"

ஒட்டியிருந்த பேரைப் படித்தது. என் வீட்டுக்காரியின் தம்பி குழந்தைவேலு. தன் பையன் காதுகுத்துக்கு நேரில் வந்து கூப்பிடாமல் வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பியவன். நாலு வருசமாக நான் அவனோடு பேசுவதில்லை.

போன் போட்டேன்.

"யாருங்க?"

"நாந்தான்."

"நாந்தான்னா?"

"உங்கக்கா ஊட்டுக்காரன்."

நடந்ததைச் சொன்னேன்.

"செரிங்க மாமா. கோழி புடிக்க எங்கிட்ட ஆளில்ல. நீங்களே வந்து புடிச்சுக் குடுங்க."

பண்ணைக்குத் திரும்பி, என் கோழிகளிடம் பாதிக் குழாய் மட்டும் எடுத்து வைத்துவிட்டு, அவன் பண்ணைக்கு ஓடினேன். நான் இறக்கையை விரித்துப் பிடித்தேன், அவன் ஊசி குத்தி ரத்தம் எடுத்தான். நாலு கோழி வரைக்கும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாவது கோழி திமிறி என் கையைக் கொத்தியது.

"மாமா," என்றான், தலையைத் தூக்காமல். "இதுங்கூடயும் நாலு வருசம் பேசாம இருந்துராதீங்க."

சாயங்காலம் இரண்டு பேருக்கும் ரிசல்ட் வந்துவிட்டது. அந்தக் கோழியோடு நான் இன்னும் பேசவில்லை.