ரேடியோ வாயைத் திறந்தாள்

அன்று என் வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. கண்டெய்னர் யார்டில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு செல்வம். அவன் பெண் ரேடியோ. லேப்டாப்புக்குள் பெங்களூர் கம்பெனி மேடம்.

தனக்குத் தானே பேசுவதில் ரேடியோவை மிஞ்ச, காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை ஆள் கிடையாது. ரேஷன் கார்டில் வேறு பேர் இருக்கிறது. யாருக்கு ஞாபகம்?

குழாயடியில் நின்றால், "சின்ன கொடம் மொதல்ல. இல்ல, பெர்சு. இல்ல, இரு..." ஷேர் ஆட்டோவில் அவள் முணுமுணுத்த கணக்குக்கு டிரைவர் பதில் சொல்லிக்கொண்டே போய், நிறுத்த வேண்டிய தேரடியைத் தாண்டிவிட்டார். பரீட்சைக்கு அவளை மட்டும் வராந்தாவில் உட்கார வைப்பார்கள். பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் எழுதியிருந்தால் அவரும் பாஸ்.

அவளுக்கு சாஃப்ட்வேர் இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ வந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் வந்ததில்லை. என் வீட்டில்தான் நெட் இருக்கிறது.

செல்வம் பயந்தான். "த பாரு, நீயா பேசிகினு இருந்த, பைத்தியம்னு கட் பண்ணிடுவாங்கோ. கம்முனு எழுது. இன்னா?"

"சரி நைனா."

அடுக்கி வைத்த பெட்டிகளில் கேட்டதைச் சீக்கிரம் எடுக்க புரோகிராம் எழுத வேண்டும். இதுதான் மேடம் கொடுத்த கணக்கு. ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். திரையில் ஒரு எழுத்து இல்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. என் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

மேடத்துக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "மனசுல ஓடுறதைச் சத்தமா சொல்லும்மா. நாங்க பார்க்கிறதே அதைத்தான். பேசாம இருந்தா எப்படி எடுக்கிறது?"

ரேடியோ அப்பனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான்.

"வுட்றா, பேசட்டும்" என்றேன்.

"பேசு கண்ணு" என்றான்.

திறந்தாள்.

"மேடம், இது எங்க நைனா யார்டு மாதிரிதான். அடில கீற டப்பாவ எடுக்கணும்னா மேல கீறத எறக்கணும். எறக்கி எங்க வெப்ப? பக்கத்து வரிசைல. அய்ய, தப்பு. நாளைக்கு அதுவே வழிய மறிச்சிகினு நிக்கும்..."

பேசப் பேச விரல் ஓடியது. மேடம் நடுவில் ஏதோ கேட்க வந்தார்.

"இரு மேடம், முடிச்சிக்கிறேன்."

செல்வம் தலையில் கை வைத்தான். மேடம் சிரித்தார்.

நான் ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறவன். கம்ப்யூட்டர் தெரியாது. அவள் சொன்னது எல்லாம் புரிந்தது. சரியாகவும் இருந்தது.

நாலாம் நாள் மெயில் வந்தது. செல்வம் சேதி சொல்ல ஓடி வந்தான். வாசலில் நின்றான். மெயிலைக் காட்டி போனை என்னிடம் நீட்டினான்.

அவள் பெங்களூர் போனதிலிருந்து தெரு அமைதி. எனக்கு அது பழகவில்லை.

அவள் காலேஜில் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தவர்கள் நூற்றுப் பத்து. எடுத்தது, ஒன்று.