தனியா அக்கா சயாமுக்குப் போகிறார்

உலகத்துத் திருடர்கள் எல்லாரும் ஒரு மண்டபத்தில் கூடி மாநாடு நடத்தினால், வரவேற்புரை முடிந்த கையோடு அவர்கள் நிறைவேற்றும் முதல் தீர்மானம் இதுவாகத்தான் இருக்கும்: ‘பத்தாங் பெர்ஜுந்தாய் தனியா அக்கா ஏறும் வண்டியில் நம்மவர் யாரும் ஏறக்கூடாது.’

கொத்தமல்லி விதைக்கும் தனியா என்று பேர் உண்டு. அந்தத் தனியா அல்ல இவர். எங்கே கிளம்பினாலும் ஒற்றை ஆளாகத்தான் கிளம்புவார். “யாருகூட அக்கா போறீங்க?” என்று கேட்டால் “தனியா” என்று ஒரே சொல்லில் பதில் வரும். அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பேரைக் கடைப் பலகையில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. ‘பெண்கள் தையல்’ என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் படம் போட்டிருந்தார். அதைப் பார்த்து முடிவெட்டிக்கொள்ள வந்து திட்டு வாங்கிப் போனவர்கள் உண்டு.

எண்பதுகளின் நடுவில் நான் மலேசியாவில் அந்த ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். ஆபீஸ் கணக்கு வேலை. டவுனில் அக்கா கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். கீழே தையல் மெஷின் ஓடத் தொடங்கினால் எனக்கு விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அக்காவுக்குக் கணவர் இல்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தார், நல்ல ஆரோக்கியத்தோடு. எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ஜாகா வேலை, அதாவது காவல்காரர். உர மூட்டைகளை எமனிடமிருந்தே காப்பாற்றக்கூடிய மீசை. ஆனால் பக்கத்து டவுன் ரவாங்குக்குப் பஸ் ஏறவேண்டும் என்றால் அந்த மீசை தொங்கிப்போகும்.

“அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போனா என்ன அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எதுக்கு? பையையும் பாத்துக்கணும், அவரையும் பாத்துக்கணும். பையின்னா மடியில வச்சுக்கலாம் லா.”

அக்கா வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, போவார். எல்லை தாண்டியதும் வரும் ஹட்யாய் டவுனில் துணியும் லேசும் மலிவு. அந்த நாளில் சயாமுக்குப் போகிறவர்களை நம் ஆட்கள் இழவு வீட்டு முகத்தோடுதான் வழியனுப்புவார்கள். ரயிலில் கொள்ளை, கடைத்தெருவில் கத்தி, காப்பியில் மயக்க மருந்து. பேப்பரில் வந்தது பாதி, பஸ் ஸ்டாண்டில் சேர்த்துக்கொண்டது பாதி. “பொம்பளை ஒத்தையில போறா பாரு” என்று ஊரே உச்சுக் கொட்டும். அக்கா அந்த எச்சரிக்கைகளை ஒன்று விடாமல் கேட்டுக்கொள்வார். பயந்து வீட்டில் உட்காருவதற்காக அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பை தைப்பதற்காக.

ஜாக்கெட்டுக்குள் ஒரு பை. பாவாடை நாடாவுக்கு அடியில் ஒரு பை. கொண்டைக்குள் பொட்டலம் மாதிரி ஒரு குட்டிப் பை. செருப்பின் தோலைப் பிரித்து அதற்குள்ளும் ஒன்று. கைப்பையின் அடிப்பக்கம் வரிசையாக ஊசிகளை நுனி வெளியே தெரியாதபடி பதித்திருப்பார். அழுத்திப் பிடித்தால்தான் குத்தும். கிளம்புவதற்கு முன்பு அக்கம்பக்கத்து ஆண்களைக் கூப்பிட்டு, “எங்க, திருடுங்க பாப்போம்” என்பார். நானும் ஒரு வருடம் திருடிப் பார்த்தேன். இரண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை. மானேஜர் கேட்டதற்கு முள் குத்திவிட்டது என்றேன். கணக்கு எழுதுகிறவனுக்கு எங்கே முள் குத்தும் என்று அவர் யோசித்திருப்பார்.

துணி வாங்கும் பெரிய பைக்கு வேறு ஏற்பாடு. கோலசிலாங்கூரிலிருந்து வரவழைத்த கருவாட்டை ஒரு பழைய துணியில் முடிந்து மேலே வைத்துவிடுவார். அந்தப் பையைத் திறக்க நினைக்கிறவன் திருடனாக மட்டும் இருந்தால் போதாது, மூக்கும் இல்லாதவனாக இருக்கவேண்டும்.

கடைசியாகக் கத்தல் பயிற்சி. கடைக்குப் பின்னால் நின்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பார். ஒருநாள் விடியற்காலையில் அதைக் கேட்டுத் தோட்டத்துச் சங்கு ஊதிவிட்டதாக நினைத்து, பாதி ஜனம் முகம்கூடக் கழுவாமல் பெரட்டுக்கு வந்து நின்றது. வேலைக்குப் பேர் கொடுக்க இத்தனை சீக்கிரம் இத்தனை பேரா என்று வேலை வாங்கும் மண்டோர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

இப்படிப்பட்டவரோடு ஒரே ரயிலில் போகும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. எங்கள் தோட்டத்து ஸ்டோர் கிராணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நல்ல உயரம், பாறை மாதிரி தோள். தோட்டத்து ஃபுட்பால் குழுவில் கோல் காப்பவன் என்பதால் எல்லாருக்கும் அவன் ‘கோல்கீப்பர்’தான். கல்யாணத் துணியை ஹட்யாயில் வாங்கலாம் என்று கிளம்பினான். துணைக்கு நான். சேர்த்து வைத்திருந்த காசு முழுவதும் அவன் காற்சட்டைப் பையில்.

அந்த வருடம் எச்சரிக்கைகள் கொஞ்சம் பலமாகவே இருந்தன. ஜாகா அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கோல்கீப்பரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அவளைப் பாத்துக்கப்பா. நீ இருக்கேன்னுதான் இந்தத் தடவை எனக்குச் சோறு எறங்குது.”

“நீங்க கவலைய விடுங்கண்ணே. என்னைத் தாண்டி ஒருத்தன் கை வச்சிருவானா?” என்று இவன் தோளை விரித்தான்.

அக்கா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நான் இவங்ககூட வரல. இவங்க அதே பஸ்ஸுல ஏறுறாங்க. அவ்வளவுதான்.”

பட்டர்வொர்த்திலிருந்து மதியம் புறப்பட்ட சயாம் ரயிலிலும் அப்படியே. நடைவழிக்கு அந்தப் பக்கம், எதிர்வரிசை ஜன்னலோரம் கைப்பையை மடியில் வைத்து, கருவாட்டுப் பையைக் காலடியில் தள்ளி உட்கார்ந்தார். வெளுத்துப்போன சேலை, ஒட்டுப்போட்ட ஜாக்கெட். தையற்கடை வைத்திருப்பவர் என்று கோயிலில் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். பிச்சை போடலாமா வேண்டாமா என்று ஒரு சீன அம்மா யோசித்ததை நானே பார்த்தேன்.

எல்லையில், பாடாங் பெசாரில், எல்லாரும் இறங்கிப் பாஸ்போர்ட் காட்டவேண்டும். அங்கேதான் அக்காவின் பாதுகாப்பு ஏற்பாட்டில் இருந்த ஒரே ஓட்டை தெரிந்தது. பாஸ்போர்ட் எந்தப் பையில் என்று அவருக்கே மறந்துவிட்டது. கொண்டையைப் பிரித்தார். செருப்பைக் கழற்றினார். “கொஞ்சம் திரும்பிக்குங்க” என்று அதிகாரியிடமே சொன்னார். அவரும் திரும்பிக்கொண்டார். கடைசியில் அது கருவாட்டு முடிச்சுக்குள் இருந்தது. அதிகாரி அதை இரண்டு விரலால் பிடித்து, மூச்சைக் கட்டிக்கொண்டு முத்திரை குத்தினார். அத்தனை வேகமாக முத்திரை விழுந்து நான் பார்த்ததில்லை.

மறுபடி ரயில் கிளம்பியதும் எங்களுக்கு எதிரே புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். சஃபாரி சூட், வகிடெடுத்த தலை, தங்கப் பல். அழகான மலாயில் எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். கல்யாணம் என்றதும் மனதாரச் சந்தோஷப்பட்டார். பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றினார். ஒரு டின் பிஸ்கட்டையும் நீட்டினார்.

எதிர்வரிசையிலிருந்து அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: “தம்பி, வேணாம் லா.”

“பாவம் அக்கா, அன்பாக் குடுக்கிறாரு. வேணாம்னா மூஞ்சி என்னாவும்?” என்றான் கோல்கீப்பர்.

“அவரு மூஞ்சி என்னாவது ஆவட்டும். உன் மூஞ்சியப் பாரு.”

எந்தப் பந்தையும் விடாதவன், அந்த பிஸ்கட்டையும் விடவில்லை. மரியாதைக்கு நானும் ஒன்று எடுத்துக்கொண்டு காப்பியும் குடித்தேன். தங்கப் பல்காரர் தன் பங்குக் காப்பியை ஜன்னல் ஓரம் ஆறவைத்திருந்தார். அது ஆறிக்கொண்டே இருந்தது. அதுவரைதான் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்து நடந்ததை எங்களுக்குச் சொன்னவர் பின்சீட்டில் இருந்த பெர்லிஸ்காரர், ஒரு மலாய்ப் பெரியவர்.

நாங்கள் இருவரும் தலை தொங்கித் தூங்கிவிட்டோம். தங்கப் பல்காரர் எழுந்து எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் கைபோட்டுக்கொண்டார். அக்கா எங்களை உலுக்கினார், கிள்ளினார். அசைவில்லை. உடனே அந்தத் தோட்டத்துச் சங்கை ஊதினார். ரயிலே அதிர்ந்ததாம். கண்டக்டர் ஓடி வந்தார். அவர் சயாம்காரர். அக்காவின் தமிழும் மலாயும் அவருக்குப் புரியவில்லை. தங்கப் பல்காரர் சிரித்துக்கொண்டே சயாம் மொழியில் ஏதோ சொன்னார். நாங்கள் அவருடைய நண்பர்கள், களைப்பில் தூங்குகிறோம், இந்த அம்மா கொஞ்சம் ஒரு மாதிரி என்று சொல்லியிருக்கவேண்டும். ஒட்டுப்போட்ட ஜாக்கெட்டையும் கருவாட்டு வாசனையையும் வைத்துப் பார்த்தால் கண்டக்டர் யாரை நம்புவார்? தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆண்டுக்கணக்காகப் பழகிய கத்தல் ஒன்றுக்கும் உதவவில்லை.  

அக்கா நினைத்திருந்தால் தன் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். எங்களோடு வரவில்லை என்று ஊரறியச் சொன்னவர்தானே. அப்படிச் செய்யவில்லை. எங்களுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்தார். ஊசியை எடுத்து, இரட்டை நூல் கோத்து, தைக்க ஆரம்பித்தார்.

கோல்கீப்பரின் காற்சட்டைப் பையைக் காசோடு சேர்த்து வாய் மூடித் தைத்தார். என் சட்டைப் பையைத் தைத்தார். எங்கள் பை வார்களை அவன் காற்சட்டையோடு தைத்தார். அவன் சட்டையை என் சட்டையோடு தைத்தார். எல்லாம் முடிந்த பிறகு தன் சேலை முந்தானையை இழுத்து, எங்கள் இருவர் சட்டையோடும் சேர்த்துத் தைத்துவிட்டார். ஒவ்வொரு தையலுக்கும் ஒருமுறை தலைநிமிர்ந்து தங்கப் பல்காரரின் கண்ணைப் பார்ப்பாராம்.

அந்த ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த ஸ்டேஷன் நெருங்கியதும் எழுந்து எங்கள் பையை வெடுக்கென்று இழுத்தார். பையோடு கோல்கீப்பர் சரிந்தான். அவனோடு நான் சரிந்தேன். எங்களோடு அக்காவும் வந்தார். மூன்று பேரும் ஒரே மூட்டையாக அவர் மேல் விழுந்தோம். கோல்கீப்பரின் கனம் என்னவென்று அன்று அவருக்குத் தெரிந்திருக்கும். அடியில் சிக்கிய கையில் அக்காவின் கைப்பை வேறு அழுந்த, அவர் போட்ட சத்தத்துக்கு முன்னால் தோட்டத்துச் சங்கு எம்மாத்திரம். பெர்லிஸ் பெரியவர் எழுந்தார், சீன அம்மா குடையைத் தூக்கினார், பெட்டியே எழுந்தது. கையை உதறிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, ரயில் முழுதாக நிற்பதற்குள் அந்த ஆள் குதித்து ஓடிவிட்டார். பிஸ்கட் டின்னைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஹட்யாயில் எங்களை மூட்டையாகவே ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். பெரியவரும் கூடவே வந்தார். நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்துச் சட்டையை வெட்டப் போனபோது அக்கா கையைப் பிடித்துத் தடுத்தாராம். “நல்ல டெட்ரான் துணி. ஏன் வீணாக்கணும்?” என்று எங்களைச் சேர்த்திருந்த தையலை மட்டும் ஒவ்வொன்றாகத் தானே பிரித்தெடுத்தார்.

மறுநாள் காலையில் நான் கண்விழித்தபோது இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. நான் விழித்ததைப் பார்த்ததும் முதல் வேலையாகத் திட்டினார்.

“வயசுப் பசங்க மாதிரியா இருக்கீங்க? நீட்டினதையெல்லாம் திங்கிறதுக்கு நீங்க என்ன ஆட்டுக்குட்டியா? இவன் அம்மாக்கிட்ட நான் என்னான்னு சொல்றது? அடுத்த மாசம் கல்யாணம்டா!”

கோல்கீப்பர் எழுந்திருக்க மத்தியானம் ஆயிற்று. அதுவரை அவர் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. எழுந்ததும் அவன் காற்சட்டைப் பையைத்தான் தடவினான். “காசுப் பையத் தைச்சதப் பிரிக்கல. வீட்டுக்குப் போயி பிரிச்சுக்க” என்றார் அக்கா.

அவனுடைய கல்யாணத் துணியைப் பிறகு கோலாலம்பூரில் வாங்கினோம். தீபாவளிக்கு அக்கா கடையில் சயாம் துணி ஒரு முழம்கூட இல்லை. கடைத்தெருவுக்கே அவர் போகவில்லையே. கேட்ட பெண்களிடம், “இந்த வருசம் டிசைன் ஒண்ணும் சரியில்ல லா” என்று சொல்லிவிட்டார். கோல்கீப்பரின் அம்மா வந்து, “எம்மவன் உங்கள நல்லாப் பாத்துக்கிட்டானா?” என்று கேட்டபோது நானும் கடையில் இருந்தேன்.

“அதெல்லாம் ராஜா மாதிரிப் பாத்துக்கிட்டான்” என்றார் அக்கா, மெஷினை நிறுத்தாமல்.

இதெல்லாம் ஊர் வந்தபிறகு நடந்தது. திரும்பும் வழியில், பட்டர்வொர்த் ஸ்டேஷனில் இறங்கியபோது எங்கள் இருவருக்கும் இன்னும் கால் தள்ளாடியது. பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அக்கா டீ வாங்கப் போனார். மூன்று கிளாஸோடு வந்தார். எங்களிடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு வாய் குடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்னாக்கா பண்றீங்க?” என்றேன்.

“இரு, பாப்போம். மருந்து கிருந்து கலந்திருந்தா எனக்குத் தெரியும்ல.”

கோல்கீப்பருக்குப் பதறிவிட்டது. “நம்ம ஊரு டீக்கா அக்கா இந்தச் சோதனை? அப்புடியே கலந்திருந்து நீங்க மயங்கிட்டா?”

அக்கா கண்ணைத் திறந்து, இதென்ன கேள்வி என்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

“நீங்க ரெண்டு பேரு இருக்கீங்கல்ல? பாத்துக்க மாட்டீங்களா?”

கிளாஸை வாங்கிக்கொண்டோம். கோல்கீப்பர் தண்டவாளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டீ ரொம்பச் சூடு என்று நான் சொன்னேன். ஆமாம், கண்ணெல்லாம் கலங்குகிறது என்று அவனும் சொன்னான்.